லிட்டில் இந்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இங்கே டேட்டாபேஸ், இன்டர்வியூ, அப்ரைசல்னு புலம்புவோம். இந்த வாரம் அதுக்கெல்லாம் லீவு. போன மாதம் நானும் என் மனைவியும் நாலு நாள் சிங்கப்பூர் போயிட்டு வந்தோம். அந்த போட்டோக்களைப் போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது: "ப்ரோ, லிட்டில் இந்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாமா?"

இந்தக் கேள்வி ஏன் வருதுன்னா, சுற்றுலா பற்றிப் பேசும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு அறிவுரை நிச்சயம் இருக்கும். "சண்டே மட்டும் அந்தப் பக்கம் போயிடாதீங்க, கூட்டம்." சொல்வது யார்? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்த நம்ம ஊர்க்காரங்கதான். கூட்டம் அவங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம் பாருங்க!

என் பதில்: போகலாம். ஞாயிற்றுக்கிழமையே போங்க. ஆனால் அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன, அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. இன்றைய எபிசோடு முழுக்க அதுதான்.

முதலில் எங்கள் ஞாயிறு. பயணத் திட்டத்துக்கு நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டிருந்தேன் (சாஃப்ட்வேர் புத்தி, விடாது). மூன்று நாளுக்கு அரை மணி நேரம் வீதம் வரிசையாக இடங்கள். என் மனைவி அதில் ஞாயிற்றுக்கிழமை பத்தியை மட்டும் மொத்தமாக அழித்துவிட்டு, "சும்மா" என்று ஒரே வார்த்தை எழுதி வைத்திருந்தாள். அதனால் அன்று பத்து மணிக்கு எழுந்து, தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1859-இல் தொடங்கிய பூங்கா. 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெரும்பகுதிக்கு டிக்கெட் கிடையாது. புல்லில் படுத்துக்கொள்ளலாம், வாட்ச்மேன் வந்து விசில் ஊத மாட்டார். ஒரு சென்னைவாசிக்கு இதுவே வெளிநாட்டு அனுபவம்.

அங்கேதான் முதலில் கவனித்தோம். புல்தரை முழுக்கக் குழு குழுவாகப் பெண்கள். பாய் விரித்து, டப்பாவில் சோறு கொண்டுவந்து, பாட்டு போட்டு, ஒருத்திக்கு இன்னொருத்தி தலை பின்னிக்கொண்டு. வீட்டு வேலைக்காக பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். வாரத்தின் மற்ற நாட்களில் இவர்கள் ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் இருப்பார்கள். வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒன்றே. ஞாயிறு அன்று மட்டும் ஊருக்குள் தெரிவார்கள்.

விசாரித்துப் பார்த்தால், சிங்கப்பூருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கென்றே ஒரு தனி மேப் இருக்கிறது. கூகுளில் வராது. ஆர்ச்சர்ட் ரோட்டில் லக்கி பிளாசா என்றால் பிலிப்பைன்ஸ்காரர்கள். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா பிளாசா மியன்மார்காரர்களுடையது. பாய லேபாரில் சிட்டி பிளாசா, இந்தோனேசியர்கள். தாய்லாந்துக்காரர்களுக்கு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் இருந்தது. 2023-இல் அதை மூடிவிட்டார்கள். நம்ம ஆட்களுக்கும் பங்களாதேஷ்காரர்களுக்கும் லிட்டில் இந்தியா. ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த ஊர்ச் சாப்பாடு, வீட்டுக்குப் பணம் அனுப்பும் கடை, சிம் கார்டு, சலூன். வாரத்தில் ஒரே நாள் லீவு கிடைக்கிறவனுக்கு என்னவெல்லாம் ஒரே தெருவில் வேண்டுமோ, அதெல்லாம்.

எத்தனை பேர் இவர்கள்? கட்டுமானம், கப்பல் தளம், ரசாயன ஆலைகள் ஆகியவற்றில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். வீட்டு வேலை செய்பவர்கள் ஏறத்தாழ 3 லட்சம். மொத்த மக்கள்தொகையே 60 லட்சத்தைச் சுற்றி இருக்கிற ஊரில் இது சின்ன எண் இல்லை.

சரி, இப்போது லீவு எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். இது கொஞ்சம் சட்ட சமாசாரம், பொறுத்துக்கோங்க.

சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. பெரும்பாலும் ஞாயிறு, வேறு நாளாகவும் முதலாளி வைக்கலாம். ஒரு விஷயத்தைக் கவனிங்க: அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. நமக்கெல்லாம் மாதச் சம்பளம், அதனால் சனி ஞாயிறு தூங்கினாலும் காசு வருகிற மாதிரி ஒரு உணர்வு இருக்கும். நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஓய்வு நாள் என்றால் வருமானம் பூஜ்யம். முதலாளி கேட்டு, ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் அடிப்படைச் சம்பளம். தொழிலாளியே விரும்பிக் கேட்டு வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம்.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி "வர்றியா?" என்று கேட்டால் 40 டாலர். வரவில்லை என்றால் ஒன்றுமில்லை. சாப்பாடு, பஸ், போன் என்று கையிலிருந்தும் கொஞ்சம் போகும். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் பின்னாலேயே வந்திருக்கும். இந்தக் கணக்கில் லீவு எடுப்பது ஒரு செலவு. ஆக, நீங்கள் லிட்டில் இந்தியாவில் பார்க்கும் கூட்டம் அந்த வாரம் அந்தச் செலவைச் செய்யத் துணிந்தவர்களின் கூட்டம். மற்றவர்கள் சைட்டில் இருக்கிறார்கள்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அவர்களுக்கு வேறு சட்டம். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2013 ஜனவரி 1-க்குப் பிறகு கொடுத்த, புதுப்பித்த பெர்மிட்களுக்குத்தான் கட்டாயமானது. அதிலும் ஒரு ஓட்டை: இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் லீவுக்குப் பதில் பணம் கொடுத்துவிடலாம். அடுத்த வீட்டு எஜமானியம்மாவிடம் "ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? 2023 ஜனவரி 1 முதல்தான், மாதத்தில் ஒரு நாளாவது பணமாக மாற்ற முடியாத லீவு என்று ஆனது. மாதத்துக்கு ஒன்று. பூங்காவில் தலை பின்னிக்கொண்டிருந்த அந்தப் பெண்களில் சிலருக்கு அடுத்த பூங்கா நாள் நாலு வாரம் கழித்தாக இருக்கலாம்.

இப்போது சிராங்கூன் ரோடு. மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கினோம். தமிழ் அங்கே நாலு ஆட்சி மொழிகளில் ஒன்று, ஸ்டேஷன் பெயர் தமிழிலும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிட எனக்குப் பிடித்தது தெருப் பெயர்கள். பஃபலோ ரோடு, பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம். ரேஸ் கோர்ஸ் ரோடு என்பது, 1933 வரை குதிரைப் பந்தயம் அங்கே நடந்ததால். பழைய தமிழர்கள் இந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று சொல்வார்களாம், சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால். ஆக, வேலைக்கு வந்தவர்களின் இடமாகத்தான் அது ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. டூரிஸ்டுக்கான வண்ணப் பூச்செல்லாம் பின்னால் வந்தது.

கூட்டம் நிஜமாகவே கூட்டம்தான். ஆனால் தள்ளுமுள்ளு இல்லை. பாதிப் பேர் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கிறார்கள். நடைபாதை ஓரம், படிக்கட்டு, புல்தரை, கடை வாசல். எல்லார் கையிலும் போன், போனில் ஒரு குழந்தை. "அப்பாவுக்கு டாட்டா சொல்லு" என்பது நாலடிக்கு ஒரு தடவை காதில் விழுந்தது. தஞ்சாவூர்த் தமிழ், புதுக்கோட்டைத் தமிழ், சிவகங்கைத் தமிழ், நடுநடுவே வங்காளம். அபிராமபுரத்தில் ஒரு தெருவில் இத்தனை வகைத் தமிழை நான் கேட்டதில்லை.

ஒரு சலூன் வரிசையில் நின்ற அண்ணன் ஒருவர், பட்டுக்கோட்டைப் பக்கம், தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"மெட்ராஸா தம்பி? சும்மா சுத்திப் பாக்கவா வந்தீங்க ரெண்டு பேரும்? அதுவும் ஞாயித்துக்கெழமையா?" என்று சிரித்தார். "திங்கக்கெழமை வந்திருந்தா ரோடு காலியா இருக்குமே."

"திங்கக்கிழமை நீங்க இருக்க மாட்டீங்களேண்ணே" என்றாள் என் மனைவி.

அதற்கும் சிரித்தார். தொடர்ந்து மூன்று ஞாயிறு வேலைக்குப் போய்விட்டு அன்றுதான் வெளியே வந்திருந்தார். முடி வெட்டணும், வீட்டுக்குப் பணம் அனுப்பணும், தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கணும், ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கணும். என் ஸ்ப்ரெட்ஷீட்டை விட நெருக்கமான அட்டவணை. "ஆறு மணிக்கு முன்னாடி முடி வெட்டிடணும் தம்பி, அப்புறம் வரிசை நகராது" என்று எங்களுக்கும் டிப்ஸ் கொடுத்தார்.

"போகாதீங்க" என்று சொல்கிறவர்கள் மனதில் கூட்டத்தோடு இன்னொன்றும் இருக்கிறது: 2013 கலவரம். அதைச் சொல்லாமல் இந்தத் தெருவைப் பற்றிப் பேச முடியாது. 2013 டிசம்பர் 8, அதுவும் ஞாயிறுதான். தங்கும் விடுதிக்குத் திரும்பும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி, தமிழ்நாட்டிலிருந்து வந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். சுற்றி நின்ற கூட்டம் கொதித்தது. ஏறத்தாழ 300 பேர். போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் எரிந்தன. 1969-க்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த முதல் கலவரம். 25 பேர் மீது வழக்கு, 57 பேர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள்.

விசாரணைக் குழு 2014-இல் அறிக்கை கொடுத்தது. விபத்து, மீட்பு வேலை பற்றிய தவறான புரிதல், மது ஆகியவைதான் காரணம். வேலை அல்லது தங்குமிட நிலைமை மீதான அதிருப்தி காரணம் இல்லை என்றது. தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகள் அந்தக் கடைசிப் பகுதியை அப்படியே ஏற்கவில்லை. எனக்கும் அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கானவர்களின் ஒரு வார ஓய்வை ஒரே தெருவில், ஒரே மாலையில் அடைத்தால், அங்கே நடக்கும் எந்தச் சின்ன விஷயமும் சின்னதாக இருக்காது.

விளைவு இன்னும் இருக்கிறது. 2015 ஏப்ரலில் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி லிட்டில் இந்தியா ஒரு கட்டுப்பாட்டு மண்டலம். சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. ஊரின் மற்ற இடங்களில் தடை இரவு 10.30-க்குத்தான் தொடங்கும். ரோட்டோரம் பீர் பாட்டிலோடு செல்ஃபி எடுக்கும் ஆசை இருந்தால் இங்கே வேண்டாம். நம்ம பசங்க சில பேருக்குத்தான் இந்தத் தகவல்.

அப்புறம் கோவிட். 2020 ஏப்ரலில் விடுதிகளை அடைத்தபோது அவற்றில் இருந்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு சொன்ன கணக்குப்படி, அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஊர் மக்கள் மால்களுக்குப் போகத் தொடங்கிய பிறகும் இவர்களுக்கு வேலைத்தளம், விடுதி, விடுதியை ஒட்டிய பொழுதுபோக்கு மையம், அவ்வளவுதான். 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரம் 500 பேர் வரை வெளியே விட்டார்கள். 2022 ஜூனில்கூட லிட்டில் இந்தியா உட்பட நாலு இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக முன்கூட்டியே ஒரு பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. யோசிச்சுப் பாருங்க. ஒரு தெருவில் நின்று முடி வெட்டிக்கொள்ள ஆப்பில் ஸ்லாட் புக் பண்ணணும்.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஹாங்காங்கில் நடு ஊரில், வங்கித் தலைமையகங்களுக்குக் கீழேயே, ஞாயிறு முழுக்க பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டைப்பெட்டி விரித்து உட்கார்ந்திருப்பார்கள்; சேட்டர் ரோட்டில் அன்று வண்டி விடுவதில்லை. ஜெர்மனியில் கதை தலைகீழ். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919 வைமார் அரசியலமைப்பிலேயே எழுதி, இன்றைய அரசியலமைப்பிலும் தொடர்கிறது. மியூனிக்கில் இருக்கும் என் காலேஜ் நண்பர்கள் சனிக்கிழமை சாயங்காலம் பால், தயிர் வாங்கி வைக்காவிட்டால் ஞாயிறு கறுப்புக் காப்பிதான். டூரிஸ்டுகள் திட்டுவார்கள். ஆனால் அந்தக் கடையில் பில் போடுகிறவரும் அன்று பூங்காவில் இருப்பார்.

நம்ம ஊர்? ஞாயிற்றுக்கிழமை லீவு நம்ம வழக்கம் கிடையாது. நெசவாளிகள் பலருக்கு அமாவாசைதான் ஓய்வு நாள். மில் தொழிலாளிக்கு ஞாயிறு கிடைத்ததற்கு பம்பாயின் நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருடம் மனு கொடுத்துப் போராடினார். 1890-இல் மில் முதலாளிகள் ஒத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக் கடை ஊழியருக்கு 1947 சட்டத்தின்படி வாரம் ஒரு நாள் லீவு உண்டு. தி.நகர்க் கடைகளில் அது ஞாயிறாக இருக்காது, காரணம் நாம்தான். நமக்கு ஞாயிறு என்றால்தான் அவர்களுக்கு வியாபாரம். நின்றுகொண்டே வேலை செய்கிற அவர்களுக்கு உட்காரும் உரிமை சட்டத்தில் வந்ததே 2021-இல்.

வீட்டு வேலைக்கு இந்தச் சட்டம் எதுவும் எட்டாது. வீட்டுத் தொழிலாளிக்கு வாரம் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. சிங்கப்பூரும் தரவில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. வேலைக்குச் சேரும்போதே, "ஞாயித்துக்கெழம வரமாட்டேன், சம்பளத்துல பிடிக்கக் கூடாது, சரின்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். சரி என்றோம். ஆனாலும் ஞாயிறு காலையில் அவரை நான் லிஃப்ட்டில் பார்ப்பேன். இதே கட்டடத்தில் மேலே இரண்டு வீடு செய்கிறார், அங்கே ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் கொடுத்த லீவு அவருக்கு ஒன்றரை மணி நேரம்தான் மிச்சப்படுத்துகிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த பிறகு என் மனைவி இதை அபார்ட்மென்ட் குழுவில் எடுத்திருக்கிறாள். இதுவரை நாலு தம்ஸ்-அப், "தட்ஸ் எ பர்சனல் மேட்டர்" என்று ஒரு பதில், நீண்ட மௌனம்.

சரி, போகிறவர்களுக்கு நடைமுறை விஷயங்கள். நாலு மணியிலிருந்து ஆறுக்குள் போங்க. வீரமாகாளியம்மன் கோயில், 1881-லிருந்து இருக்கிறது, மாலையில் அழகு. சைவம் வேண்டுமா, கோமள விலாஸ், 1947-லிருந்து நடக்கும் கடை. மேஜைக்குக் காத்திருக்கணும், உங்களுக்கு நேரம் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவருக்கு முன்னால் விடுங்க. மொபைல் கடை, பணம் அனுப்பும் கடை வரிசைகளை அடைத்துக்கொண்டு வீடியோ எடுக்காதீங்க. உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவே கூடாது. அது அவங்க வரவேற்பறை மாதிரி. பெண்களுக்குச் சங்கடமா இருக்குமான்னு கேட்டிருந்தீங்க. என் மனைவியின் பதில் இது: "பாண்டி பஜார்ல எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்துச்சு. பேசினவங்க எல்லாரும் தங்கச்சின்னுதான் கூப்பிட்டாங்க."

எட்டரைக்கு மேல் பேருந்து வரிசை தொடங்கும். தீவின் ஓரங்களில், துவாஸ், கிராஞ்சி பக்கம் இருக்கும் விடுதிகளுக்குத் திரும்பும் வண்டிகள். அங்கே மறுபடி அந்த அண்ணனைப் பார்த்தோம். முடி வெட்டியிருந்தார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பை. ஊர்க்காரரைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லையாம், போனிலேயே பேசிவிட்டாராம். எங்களுக்கு மறுநாள் பகல் ஃப்ளைட் என்றதும், "அப்ப நல்லாத் தூங்கி எந்திரிங்க" என்றார். அவருக்குக் காலை ஆறு மணிக்கு லாரி வந்துவிடும்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.